மனுவல் காரும் பாமாக்காவும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதாம். ஒஸ்லோவில் என்னிடம் கார் பழகிய சனம் முழுக்க அப்படித்தான் சொல்லித் திரிகிறது. திரியட்டும். எதிரே பஸ் வரும்போது, "ரீச்சர், இப்ப எந்தக் காலாலை அமத்திறது?" என்று கேட்கிறவர்களோடு ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும், கோபம் மூக்கோடு நிற்குமா, தலைக்கு மேலே போகுமா என்று. என் பெயர் அனஸ்ரேசியா. ஊர் மன்னார், தொழில் சாரதிப் பயிற்சி. என் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிறேக், ஒரு கிளச் உண்டு. அந்த இரண்டு பெடல்களும் இல்லாவிட்டால் நான் எப்போதோ மண்ணுக்குள் போயிருப்பேன்.

நான் எழுத வந்தது பாமாக்காவைப் பற்றி. முழுப் பெயர் சத்தியபாமா. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து தாண்டிய வயது. அதுவரை ஸ்ரியறிங்கைத் துடைக்கிறதற்குக்கூடத் தொட்டதில்லை. இந்த வயதில் பழக வருகிறவர்களுக்கு நான் ஒரே மருந்துதான் சொல்லுவேன்.

"ஓட்டோமற்றிக் பழகுங்கோ அக்கா. கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. இந்த நாட்டிலை இப்ப ஆர் மனுவல் ஓடுகினம்?"

"எனக்கு மனுவல்தான் வேணும் ரீச்சர். என்ரை மனுசன்ரை கார் மனுவல்."

"அந்தக் கண்டறியாத காரை வித்துப்போட்டு வேறை ஒண்டை எடுங்கோவன்."

பாமாக்கா குளிர்க்கோட்டின் சிப்பை இழுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் வேறை ஆரையும் பாக்கிறன்" என்று கதவுவரை போய்விட்டார். என்னிடம் இப்படி யாரும் செய்ததில்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த முதுகைப் பார்க்க எனக்கு ஏதோ செய்தது. கூப்பிட்டு இருத்தி, என்ன விசயம் என்று கேட்டேன்.

அவருடைய கணவர் இரவீந்திரன் இந்த நகரத்தில் டாக்சி ஓடியவர். இரண்டு பேரும் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடிவீட்டில் இருந்தார்கள். பாமாக்காவுக்கு ஆஸ்பத்திரி உடுப்புகள் தோய்க்கிற இடத்தில் வேலை. வேலை முடிந்து வெளியே வரும்போது இரவீந்திரன் தன் சொந்தக் காரில், அந்தப் பழைய சிவப்பு டொயோட்டாவில், காத்துக்கொண்டிருப்பார். மனிதர் வீட்டுக்குள் வாய் திறக்க மாட்டாராம். சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். கார்க் கதவைச் சாத்தினால் மட்டும் வேறு ஆள். அன்றைக்கு யார் ஏறினார்கள், எந்தக் குடிகாரன் அழுதான், எந்தக் கிழவி பூனையைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று வீடு வரும்வரை கதைதான். கதை முடியாவிட்டால் வீட்டைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போவார்களாம்.

"எங்கட குடும்பம் நடந்ததே அந்தக் காருக்குள்ளைதான் ரீச்சர்" என்றார் பாமாக்கா.

இரவீந்திரனுக்கு ஓர் ஆசை இருந்தது. வாழ்நாள் முழுக்க ஊரை ஏற்றி இறக்கியவர். பின்னால் இருக்கிறவர்கள் வாயைப் பிளந்து உறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தே காலம் போயிற்று. "எனக்கும் அப்பிடி ஒருநாள் நித்திரை கொள்ள வேணும். நீ லைசென்ஸ் எடு பாமா. ஒரு நாளைக்கு நீ ஓடு, நான் பக்கத்திலை படுத்துக்கொண்டு வாறன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். பாமாக்கா, "எனக்கேன் அந்த வில்லங்கம், நீங்கள் இருக்கிறியள்தானே" என்று சொல்லிச் சொல்லியே தட்டிக் கழித்தார்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. லோறென்ஸ்கூக்கில் காட்டோரமாக இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. பாமாக்கா ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய்ப் பக்கத்தில் இருப்பார். இரவீந்திரனோ யன்னலால் கீழே தெரிகிற கார் தரிப்பிடத்தையே பார்த்தபடி இருப்பார்.

மகன் சயூரன் துரொண்ட்ஹெய்மில் வேலை பார்க்கிறான். முந்தின நத்தார்ப் பண்டிகைக்குத் தன் புது மின்சாரக் காரில் வந்து, தகப்பனை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தான். இரவீந்திரன் அந்தக் காரைப் பார்த்தார். நல்ல கையால் கதவை அடித்துச் சாத்தினார். பிறகு அழுதார். பழைய காரில் கொண்டுபோகலாமென்றால் மகனுக்கு ஓட்டோமற்றிக் லைசென்ஸ்தான் இருக்கிறது.

"அதுக்கென்ன, நான் அந்தக் காரை ஓடிக்கொண்டு வாறன். நாளைக்கே வீட்டை கூட்டிக்கொண்டு போவம்" என்றேன்.

"நீங்கள் ஓடினால் அது நீங்கள் ஓடினதாத்தானே இருக்கும். அவர் என்னையெல்லோ கேட்டவர்" என்றார் பாமாக்கா.

அடுத்த கிழமையே மனுவலில் தொடங்கினோம்.

என்ரை யேசுவே, அந்த மாதங்கள்! பாமாக்காவுக்கு ஸ்ரியறிங் வந்தது, கண்ணாடி பார்க்க வந்தது, வீதி ஒழுங்கும் வந்தது. கிளச் மட்டும் வரவேயில்லை. அதை மிதித்திருந்த காலை வெடுக்கென்று எடுப்பார். கார் ஒரு குதி குதித்துச் செத்துப்போகும். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். எனக்குக் கொதி ஏறும்.

"அக்கா, இது என்ன இழவு! காலை எடுக்கிறதெண்டால் பாம்பைக் கண்டமாதிரியே எடுக்கிறது?"

"பயமா இருக்கு ரீச்சர்."

"சரி, கேளுங்கோ. கிளச்சுக்குள்ளை ரெண்டு தட்டு இருக்கு. எஞ்சின் பக்கத் தட்டு சுத்திக்கொண்டிருக்கும். சில்லுப் பக்கத் தட்டு சும்மா நிக்கும். டக்கெண்டு விட்டால் நிக்கிறது சுத்திறதைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடும். மெல்ல விட்டால் ரெண்டும் கொஞ்சநேரம் உரசும். அந்த உராய்விலைதான் நிக்கிற தட்டும் சேர்ந்து சுத்தத் தொடங்கும். விளங்குதோ?"

"எங்கட கலியாணம் மாதிரி" என்றார் பாமாக்கா. "எங்களுக்கு உரசி முடியவே ரெண்டு மூண்டு வருசம் போச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தால் கோபம் போய்விடும், பிறகு படிப்பிக்க முடியாது. ஆனபடியால் உடனே முகத்தை நீட்டிக்கொண்டு, "திருப்பி எடுங்கோ" என்றேன். திருப்பியும் செத்தது. கடைசியில் அவருக்குத் தெரியாமல் என் பக்கத்துக் கிளச்சில் காலை வைத்து, நானே மெல்ல விட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போன நாட்களும் உண்டு.

என்னிடம் பழகுகிறவர்கள் கார் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்று அறியாமல் போகக் கூடாது. "பிறேக் காரை நிப்பாட்டாது அக்கா. பிறேக் சில்லைத்தான் நிப்பாட்டும். காரை நிப்பாட்டிறது றோட்டு. றோட்டுக்கும் ரயருக்கும் இடையிலை உராய்வு இல்லையெண்டால், சில்லு நிக்கும், கார் போய்க்கொண்டிருக்கும்." வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் காருக்குள் இருக்கிற சக்தி நாலு மடங்காகும், நிறுத்தவும் நாலு மடங்கு தூரம் வேண்டும் என்றும் சொல்லுவேன். பாமாக்கா எல்லாவற்றையும் தன் வேலைத்தலத்து உடுப்பு வண்டிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஈரத்துணி நிறைந்த வண்டிலைத் தள்ளி வேகம் பிடித்துவிட்டால், ஈரத் தரையில் அது ஆளையும் இழுத்துக்கொண்டுதான் போகுமாம். "அப்ப முதலே மெல்லத் தள்ளியிருக்க வேணும்" என்பார். அவ்வளவுதான் விசயம்.

பெருந்தெருவில் ஓட விட்ட அன்று அவர் ஒன்று கேட்டார். கிளச் தேவைப்படாத ஒரே இடம் அதுதான். ஆள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், டாக்சியிலை ஏறின உடனை சனம் நித்திரையாப் போகுது எண்டு அவர் சொல்லுறவர். அதென்னெண்டு?"

"ஒரே வேகத்திலை நேராப் போனால், போறது உடம்புக்குத் தெரியாது அக்கா. கூட்டேக்கையும் குறைக்கேக்கையும் திருப்பேக்கையும்தான் ஒரு விசை வந்து ஆளைத் தள்ளும். அப்பதான் முழிப்பு வரும். நல்லா ஓடுற ஆளெண்டால், நிப்பாட்டினாத்தான் தெரியும்."

"அப்பிடியே?" என்றார். பிறகு நெடுநேரம் அந்தக் காரை ஒரே வேகத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

இந்த நாட்டில் எல்லோரும் ஒரு நாள் வழுக்கல் மைதானத்தில் ஓடித்தான் ஆகவேண்டும். பனிபோல வழுக்குகிற தரையில் காரை வேகமாக விட்டுப் பிறேக் அடிக்கச் சொல்லுவார்கள். இளம் பெடியள் கூவிக்கொண்டு ஓடுவார்கள். பாமாக்காவின் கார் இரண்டு தரம் சுழன்று பின்பக்கமாகப் போய் நின்றது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"பயந்திட்டியளோ?"

"இல்லை ரீச்சர். இதை இண்டைக்கு வீட்டை போகேக்கை ஆருக்குச் சொல்லுறது எண்டு நினைச்சனான்."

முதல் சோதனையில் ஏற்றமொன்றில் கார் செத்து, பின்னால் உருண்டு, பெயில். இரண்டாம் தடவை சோதித்தவர் இரக்கப்பட்டாரோ, இவருக்குத்தான் அதிட்டம் அடித்ததோ தெரியாது, பாஸ். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "ஏத்தத்திலை உங்கட கிளச் இன்னும் சரியில்லை. கவனம்."

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று, பூசை முடிந்து நான் மாதா கோவிலால் வர, பாமாக்கா ரெலிபோன் எடுத்தார். கணவரைக் கூட்டிக்கொண்டுவரப் போகிறாராம். பின்னுக்கு வந்து இருக்க முடியுமா என்று கேட்டார். சிவப்பு டொயோட்டாவுக்குப் புது பற்றரியும் குளிர்கால ரயரும் போட்டிருந்தார். வீட்டில் புட்டும் மீன் குழம்பும் தயார். நான் பின்னிருக்கையில் ஏறினேன். அங்கே எனக்குப் பெடல் இல்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சாரதி ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

இல்லத்தின் கார் தரிப்பிடம் பள்ளத்தில் இருக்கிறது. வீதிக்கு ஏற ஒரு செங்குத்தான பாதை. மூக்கு விறைக்கிற குளிர், தரை முழுக்க ஐஸ். கரோலினா என்ற தாதிப்பெண் இரவீந்திரனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தாள். காரைக் கண்டதும் அவர் கழுத்தை நீட்டினார். கதவை அடித்துச் சாத்தவில்லை. கரோலினாவும் நானும் தூக்கி ஏற்ற, பக்கத்து இருக்கையில் சாய்ந்து, நல்ல கையால் டாஷ்போர்டை ஒருதரம் தடவினார். பாமாக்காவைப் பார்த்தார். பாமாக்கா ஸ்ரியறிங் பக்கத்துக் கதவைத் திறப்பார் என்று பார்த்தால், நேரே போய் டிக்கியைத் திறக்கிறார்.

உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம்.

"இதென்னக்கா?"

"அவரோடை ஓடுற முதல் ஓட்டமெல்லோ. சில்லுக்குக் கீழை வைக்காமல் எடுக்கக் கூடாது. மறந்துபோவன் எண்டு நேற்றே காருக்குள்ளை வைச்சிட்டன்."

இரவு முழுக்க வெளியே நின்ற கார். நான் ஒரு பழத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது. "பாமாக்கா, இது எலுமிச்சங்காயில்லை, கருங்கல். நசியாது. பேசாமல் ஏறுங்கோ."

"நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்லிவிட்டு முன்சில்லுகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தார். நான் பிள்ளையாரோடு போட்டிக்குப் போகவில்லை, பின்னால் ஏறி இருந்தேன்.

கிளச்சை வெடுக்கென்று விட்டார். ஒரு பழம் சில்லுக்கடியிலிருந்து துப்பாக்கிச் சன்னம் போலப் பாய்ந்து கரோலினாவின் சப்பாத்தில் மோதியது. அவள் அதை எடுத்து மணந்து பார்த்தாள். மற்றப் பழம் நசியாமல் உருள, கார் அதன்மேல் ஏறி வழுக்கி, பக்கவாட்டில் போய்க் குவிந்த பனிக்குள் மூக்கை வைத்தது. "கோதாரி!" என்றேன் நான். அப்போது முன்னாலிருந்து விக்கல் போல ஒரு சத்தம் கேட்டது. இரவீந்திரனின் வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பாமாக்கா அதைப் பார்த்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பை அவர் கண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிரிப்பு முடிய, காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்ப, ஏற்றம் வந்தது. பாதி ஏற்றத்தில் சில்லு பிடிவிட்டது. கார் நின்றது. பாமாக்கா முதல் கியரில் போட்டு, காலை வெடுக்கென்று எடுக்க, எஞ்சின் செத்தது. மறுபடியும் கிளப்பினார். இந்தத் தடவை சில்லு நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றியது. சும்மா சுற்றுகிற சில்லு சூட்டில் ஐசை உருக்கித் தேய்த்துக் கண்ணாடி ஆக்கிவிடும். இருந்த கொஞ்ச உராய்வும் போய்விடும். கார் மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. நான் பின்னிருக்கையில் இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டு கத்தினேன். எதைக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கீழே கரோலினா கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கார் ஒரு மாதிரி நின்றது.

பாமாக்கா ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துவிட்டார். "என்னாலை ஏலாது ரீச்சர். நீங்களே வந்து ஓடுங்கோ" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே, "குறை நினையாதேங்கோப்பா. கேட்ட நேரம் பழகியிருக்க வேணும்" என்றார்.

நான் இறங்கக் கதவில் கை வைத்தேன்.

தொம்மென்று ஒரு சத்தம். இரவீந்திரனின் நல்ல கால், இடது கால், தரைவிரிப்பை மிதித்திருந்தது. இல்லாத கிளச்சை அவர் அடிவரை அமத்திக்கொண்டிருந்தார். இடது கை கியரில் கிடந்த பாமாக்காவின் கையைப் பிடித்தது. முதலாவது கியருக்குப் போகவில்லை. இரண்டாவதுக்குத் தள்ளியது. ஐசில் இரண்டாவதில்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் சில்லு வெறி பிடித்துச் சுற்றாது. நான் படிப்பித்ததுதான். அந்த நேரம் கத்தியதில் எனக்கே அது நினைவுக்கு வரவில்லை.

பாமாக்கா எஞ்சினைக் கிளப்பினார். முன்னுக்குப் பார்க்கவில்லை, கணவரின் இடது கால் சப்பாத்தைத்தான் பார்த்தார். அது மெல்ல, தூங்குகிற குழந்தைக்குக் கீழேயிருந்து கையை எடுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பாமாக்காவின் காலும் அதோடு சேர்ந்து உயர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் அது அசையாமல் நின்றது. இவருடையதும் நின்றது. கார் ஒரு முறை நடுங்கி, ஐசைப் பிடித்து, நகர்ந்தது.

கார் மேலே ஏறி வீதிக்கு வந்தது. மூன்றாவது கியருக்கு அவர் கால் மிதித்தது, இவர் மிதித்தார். நான்காவதுக்கும் அப்படியே. இத்தனை மாதம் நான் கத்திக் கத்திப் படிப்பித்தது அந்த மனிதரின் ஒரு காலில் வந்து சேர்ந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெருந்தெருவுக்கு வந்ததும் பாமாக்கா கதைக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. "இஞ்சாருங்கோ, வழுக்கல் மைதானத்திலை என்ன நடந்தது தெரியுமே? ரெண்டு தரம் சுத்தி..." அங்கிருந்து முதல் பெயில், பக்கத்து வீட்டுக்காரர், என் கோபம், நான் போட்ட கூச்சல் என்று ஒன்று விடவில்லை. நான் பின்னால் இருக்கிறேன் என்பதையும் மறந்துவிட்டார். கதை கேட்பதற்காக ஏங்கியிருந்த மனுசி, ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த கதைகளைத் தானே சொல்லிக்கொண்டு ஓடினார். நடுநடுவே ஒரு கணம் நிறுத்துவார். "ம்" என்று ஒரு சத்தமாவது வருமா என்றுதான். வரவில்லை. திரும்பவும் தொடங்குவார்.

ஹவுகன்ஸ்டுவாவுக்கு இறங்குகிற வழி வந்தது. பாமாக்கா திருப்பவில்லை. கார் அதே வேகத்தில் தாண்டிப் போயிற்று.

"அக்கா! வீட்டு வழி போட்டுது!"

அவர் கதையையும் நிறுத்தியிருந்தார். முன்னே பச்சைப் பலகையில் துரொண்ட்ஹெய்ம் என்று எழுதியிருந்தது. எனக்குக் கொதி வந்தது. "இப்பிடியே போனால் மகன்ரை வீடுதான் வரும். வீட்டிலை புட்டெல்லோ ஆறுது" என்றேன்.

"மெல்லக் கதையுங்கோ ரீச்சர்" என்றார். கண்ணால் நீர் வழிந்துகொண்டிருந்தது, வேகமுள் மட்டும் அசையவில்லை.

எட்டிப் பார்த்தேன். இரவீந்திரனின் தலை யன்னல் பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் சற்றே பிளந்திருந்தது. இடது கால் தரைவிரிப்பில் தளர்ந்து கிடந்தது.

"நிப்பாட்டினாத்தான் தெரியும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார் பாமாக்கா.